கோல்டிங் சதுக்கத்தில் ஒரு நார்ச் சீப்பு

பில்லுண்ட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெரிய பெட்டியைத் திறந்தபோது முதலில் எட்டிப் பார்த்தது மயில்தான். ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டி, நீலமும் பச்சையும் அடித்து, கழுத்தை மட்டும் கழற்றி வைத்திருந்த மயில். அதன் கீழே பொன்னிறத் துணி, பிளாஸ்டிக் மல்லிகைச் சரங்கள், ஆலாத்திக்கு மஞ்சள்தூள், சுண்ணாம்பு. அதிகாரி மஞ்சள் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய், "கறி?" என்றார். "சடங்கு" என்று தமிழிலேயே சொன்னேன். என்ன விளங்கியதோ, சிரித்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டார்.

இலண்டனில் என் தொழில் மணவறைச் சோடனை. ஒரு வெறும் மண்டபத்தைக் காலையில் தந்தால் பின்னேரம் அரண்மனையாக்கிக் கொடுப்பேன். என் சித்தியின் மூத்த மகள் வாசுகி டென்மார்க்கில் கோல்டிங் நகரத்துக்கு வெளியே இருக்கிறாள். அவளுடைய மகள் அபி பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்குக்கு நாள் வைத்திருந்தார்கள். தாய்மாமனாகத் தண்ணீர் வார்க்கவும், அப்படியே மேடையைச் சோடித்துக் கொடுக்கவும் நான் புறப்பட்டேன். அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத் தொடக்கம். வன்னியில் சண்டை கடற்கரையோரமாக ஒடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வாசுகியின் கணவர் சிவநேசன் காரோடு நின்றார். பெட்டியைத் தூக்கப் பார்த்துவிட்டு, பாரம் தாங்காமல் கீழே வைத்தார்.

"மச்சான், குறை நினையாதேங்கோ. சாமத்திய வீட்டை நிப்பாட்டிப்போட்டம்."

"எப்ப?"

"நேற்றுத்தான். வாசுகிக்கு மனம் வரேல்லை. மதியும் பிள்ளையளும் அங்கை உள்ளுக்க நிக்கேக்க இஞ்சை மைக் கட்டிப் பாட்டுப் போட ஏலுமோ? உங்களுக்கு எடுத்தனான். நீங்கள் அதுக்கிடையில வெளிக்கிட்டிட்டியள்."

மதி வாசுகியின் தங்கை. அப்படியென்றால் எனக்கும் தங்கைதான். இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் அகப்பட்டிருந்தாள். வருசப்பிறப்புக்குக் கொஞ்சம் முந்தி யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் ஒரு நிமிடம் கதைத்ததோடு சரி. அவளை நினைத்துச் சடங்கை நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. விமானத்தில் வரும்போதும் மயிலின் வாலை விரித்து வைப்பதா, தொங்கவிடுவதா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். இலண்டனிலும் இதே கதைதான். காலையில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடி பிடித்துவிட்டு, அன்று பின்னேரமே ஒரு மணவறைக்குப் பூக்கட்டியிருக்கிறேன். அப்போது உறைக்காதது அந்தக் கார்த் தரிப்பிடத்தில் மயிலோடு நின்றபோது உறைத்தது.

வீடு போய்ச் சேர நன்றாக மங்கிவிட்டது. வழியெல்லாம் வீட்டு ஜன்னல்களில் மெழுகுதிரிகள் எரிந்தன. எங்கள் ஊர் கார்த்திகை விளக்கீட்டை மேலே தூக்கி ஜன்னலில் வைத்தது மாதிரி இருந்தது.

"இண்டைக்கு என்ன, பெருநாளோ?"

"சண்டை முடிஞ்ச நாள், மச்சான். ஜெர்மன்காரன் விட்டிட்டுப் போறான் எண்டு ரேடியோவில சொன்ன பின்னேரம், ஜன்னலை மறைச்சிருந்த கறுத்தச் சீலையைக் கிழிச்செறிஞ்சுபோட்டு விளக்கு வைச்சவையாம். இண்டைக்கும் வைக்கினம்."

"எங்களுக்கு எப்பவோ" என்றேன், வாய் சும்மா இராமல். சிவநேசன் காரைத் தங்கள் வளவுக்குள் திருப்பினார். அவர்களுடைய வீட்டுக்கு எதிர்வீட்டிலும் ஜன்னலில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. அது இங்கர் என்ற கிழவியின் வீடு என்றார். சிவநேசன் வாங்கியிருக்கும் பழைய பண்ணைவீடு அந்தக் கிழவியின் செத்துப்போன தம்பியுடையதாம்.

அடுத்த நாட்கள் மிகவும் சங்கடமாகப் போயின. சடங்குக்கு வந்தவன் சடங்கில்லாத வீட்டில் விருந்தாளி. காலையில் கறுப்பு ரை தானியப் பாணில் ஈரல் பசை பூசித் தருவார்கள். இலண்டன் பாண் இதற்கு முன்னால் பஞ்சு. மத்தியானம் வாசுகி முதியோர் இல்லத்து வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல் புட்டு அவிப்பாள். நான் வந்திருக்கிறேன் என்பதற்காகக் கோழிக்கறி. தொலைக்காட்சியில் சனம் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை வாசம் எழும். "சாப்பிடுங்கோ அண்ணை" என்பாள். சாப்பிட்டேன், அதுதான் கேவலம். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

வெளியே போனாலும் மானம் போனது. சைக்கிள்களுக்கென்று ஒதுக்கிய பாதையை நடைபாதையென்று நினைத்து நடந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு மணியோசைக் கச்சேரியையே கிளப்பினேன். ஓகூஸ் நகரத்துக்கு ரயிலில் போனபோது இன்னும் மோசம். இலண்டனிலிருந்து ஒரு நண்பர் வன்னிச் செய்தி சொல்லத் தொலைபேசியில் வந்தார். இணைப்புச் சரியில்லை. "எத்தினை பேராம்? எந்தப் பக்கத்தால?" என்று கத்திக்கொண்டிருந்தேன். எதிரே புத்தகம் வாசித்த மனிதர் கோபமே இல்லாமல் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்த படம். பேசக்கூடாத பெட்டியாம். எழுந்து கதவோரம் போய் நின்றேன். அவர் திரும்பவும் புத்தகத்துக்குள் போய்விட்டார். அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லவேண்டும் போலவும் இருந்தது, சொன்னால் அதுவும் சத்தம் என்பார் போலவும் இருந்தது.

ஓகூஸுக்குப் போனது பெரிய படங்கள் அச்சடிக்க. சனிக்கிழமை கோல்டிங் நகரச் சதுக்கத்தில் எங்கள் ஆட்கள் வன்னி அவலத்தைக் காட்டும் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தது. வாசுகி தன்னோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி மூலம் ஒரு பத்திரிகை நிருபரை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், அண்ணை. மதியின்ர படமும் பேரும் பேப்பரில வரவேணும். வந்திட்டுதெண்டால் நாளைக்கு அவள் உயிரோட வெளியில வந்து ஏதும் முகாமில கிடந்தாலும், அவளைத் தேட ஆள் இருக்கெண்டு தெரியும். லேசில மறைக்கேலாது."

அவள் கையிலிருந்த படத்தில் மதி நீலச் சேலையோடு, மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட கை பழகின கைதானே. சனம் நிண்டு பாக்கிறமாதிரிச் செய்து தாங்கோ" என்றாள்.

எனக்குப் புது உயிர் வந்த மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன், துணிகளை அளந்தேன். எல்லாம் சரி, ஆனால் நடுவில் கண்ணைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. மணவறைக்கு நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பார்கள். இதற்கு யார்?

சிவநேசனிடம் சொன்னேன். அவர் என்னைப் பின்வளவுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். பரணில் சாக்கால் சுற்றிக் கிடந்த ஒன்றை எட்டி எடுத்தார். ஒரு நீளப் பலகை. நடுவில் வட்டமாக, விரல் நீளத்துக்கு இரும்பு முட்கள், விரல் நுழைய இடமில்லாத நெருக்கம். எனக்கு உள்ளங்கால் கூசியது.

"வீடு வாங்கேக்க இதுக்குள்ள கிடந்தது. ஜெர்மன்காரன் விட்டிட்டுப் போன சாமானாக்கும்."

"ஆரிட்டையும் கேக்கேல்லையோ?"

"கேட்டால் என்னட்டைத் திருப்பிக் கேப்பினம், உமக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு." சிவநேசன் பலகையைப் பார்க்காமல் கதைத்தார். "ஆமி முகாமில ஆணியடிச்ச பலகை ஒண்டு வைச்சிருந்தவங்கள், மச்சான். உதுமாதிரித்தான்."

சட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். ஊர்ப் பெட்டிக்கடையில் போல எங்கள் குடும்பத்தில் எல்லாக் கதையும் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதை யாருக்கும் தெரியாது. அவர் அதை எனக்குச் சொன்னார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நடுவுக்குப் பொருள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பலகையின் ஓரத்தில் ஒரு பூச்செடி செதுக்கியிருந்தது. அதன் கீழே ஒரு இருதயமும் மூன்று எழுத்துக்களும். சித்திரவதைப் பலகைக்கு யார் பூச்செதுக்குவார்கள் என்று அந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். என் கண் வேறுவிதமாகப் பழகிய கண். பூ அங்கே எடுபடாது என்று பட்டது. கறுப்புத் துணியை மடித்து அந்த ஓரத்தை மறைத்துக் குண்டூசி குத்தினேன். முட்கள் மட்டும் தெரிந்தன. பிறகு ஆலாத்திக்குக் கொண்டுவந்த மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தேன். சிவப்பாக வந்தது. அபியின் கண்ணூறு கழிக்கவேண்டிய தண்ணீரை முட்களுக்கு நடுவில் ஊற்றி, இரண்டு இடத்தில் வழியவும் விட்டேன்.

அறிவிப்பை டேனிஷில் எழுதியது அபி. "இதுபோன்ற பலகைகளில் எங்கள் ஆட்களைக் கிடத்தினார்கள்" என்று தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். எழுத்துச் சின்னதாக வந்தது, தூரத்தில் தெரியாது. ஒரு சொல்லை எடுத்து "இந்தப் பலகையில்" என்று போட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்றேன். அபி டேனிஷில் என்னவோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை என்றதும் தமிழுக்கு மாறினாள்.

"மாமா, அப்ப அது உண்மை இல்லையே."

"கண்காட்சியெண்டால் அப்பிடித்தான், மகள். தூரத்தில போற சனம் கிட்ட வரவேணும்."

பிள்ளை மாற்றி எழுதியது. சிவநேசன் பிரெடெரிசியாவில் தொழிற்சாலை வேலை முடித்து, சனிக்கிழமை நேரே சதுக்கத்துக்கு வந்துதான் அதைக் கண்டார். வாசித்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது.

வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மரக்கறிப் பைகளோடு, குழந்தை வண்டிகளோடு வந்து நின்று படங்களைப் பார்த்தார்கள். ஒரு தாய் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். நிருபர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கட்டை மயிர் வெட்டிய இளம் பெண். வாசுகியை மர வாங்கில் இருத்தி, ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்துக் கேட்கத் தொடங்கினார். வாசுகி அழவில்லை. மதியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள், பிள்ளைகளின் பெயர்களையும் சொன்னாள். டேனிஷில் நடந்ததைத் தமிழில் சொல்ல அபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் கொஞ்சம் தள்ளி நின்று என் சோடனையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இங்கர் வந்தார். வாசுகிதான் அயலுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். கிழவி நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, ஒரு சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி அடக்கமாக வந்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்றார். பலகைக்கு முன்னால் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அறிவிப்பை வாசித்தார். பிறகு குனிந்து, என் கறுப்புத் துணியின் குண்டூசியைக் கழற்றித் துணியை விலக்கினார்.

"ஆனால், இது எங்கள் அம்மாவின் ஹைலெ" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

ஹைலெ என்றால் என்னவென்று அங்கே நின்ற இளையவர்களுக்கும் தெரியவில்லை. வயதானவர்களுக்குத் தெரிந்தது. ஆளிச்செடித் தண்டிலிருந்து உரித்த நாரை வாரியெடுக்கும் சீப்பு அது. அப்படி வாரினால்தான் லினன் துணி நெய்ய நூல் வரும். அந்தப் பூவும் எழுத்தும் மணப்பெண்ணுக்காகச் செதுக்கியவை. ஒருவர் சிரித்தார். இன்னொரு கிழவர் கையை விரித்து, "எங்கள் கண்ணில் நார்க்கழிவைத் திணிக்கிறீர்களோ" என்றார். எங்கள் ஊரில் கண்ணில் மண்ணைத் தூவுவது என்கிறோமே, அதற்கு அவர்கள் பேச்சு அது என்று அபி பிறகு சொன்னாள்.

நிருபர் எழுந்து வந்தார். சிவநேசனைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?"

"இப்படி ஒன்றை நான் கண்டிருக்கிறேன்" என்றார் சிவநேசன்.

"ஆனால் இது அது இல்லை."

"இல்லை."

நிருபர் படங்களைச் சுற்றிப் பார்த்தார். "இவையெல்லாம்? இவை எங்கே எடுத்தவை?"

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வாசுகி வாங்கிலிருந்தபடியே மதியின் படத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது என் தங்கச்சி" என்றாள். "ஓம், ஓம்" என்பதுபோல நிருபர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நோயாளி சொல்வதையெல்லாம் மறுக்காமல் கேட்பவர்கள் ஆட்டுகிற ஆட்டல். சிவநேசன் கடைசியில் வாயைத் திறந்து தன் கதையைச் சொல்ல நினைத்திருந்தாரோ என்னவோ, அதுவும் அந்த இடத்தோடு போயிற்று. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் படங்களைக் கழற்றத் தொடங்கினார்.

அடுத்த நாள் பத்திரிகையில் சின்னதாக ஒரு படம் வந்தது. இங்கரும் ஹைலெயும். மதி இல்லை.

வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். வாசுகி வழக்கம்போலச் சாப்பாடு போட்டாள். "சாப்பிடுங்கோ அண்ணை" என்றாள். அந்தப் பின்னேரம் நானும் அபியும் பலகையைக் கொட்டிலில் வைத்து உரஞ்சினோம். சவர்க்காரம் போடப் போட மஞ்சள் இன்னும் சிவந்தது. எலுமிச்சம்புளி விட்டோம். முள்ளுக்குள் விரல் போகாது, மரமும் குடித்துவிட்டது. அபி ஒருதரம்கூட "நான் சொன்னனான்தானே" என்று சொல்லவில்லை. பிள்ளைக்குத் தாயின் குணம்.

பலகையைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் நாலு பேரும் போனோம். இங்கர் குசினியில் கோப்பி ஊற்றினார். மேலே தேங்காய்ப்பூவைச் சீனிப்பாகில் கிளறிப் பரப்பிய கேக் ஒன்றை வெட்டினார். தேங்காய் காய்க்காத நாட்டில் இப்படியொரு கேக் எப்படி வந்தது என்று கேட்க வேறொரு நாளாயிருந்தால் எனக்கு வாய் துறுதுறுத்திருக்கும். வாசுகி மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கவேண்டியதை அவள் டேனிஷில் கேட்டாள்.

"தம்பி இதை எரித்துவிட்டான் என்று நினைத்திருந்தேன்" என்றார் இங்கர். "ஜெர்மன்காரர் இருந்த காலத்தில் கடையில் துணி கிடையாது. அம்மா திரும்பவும் ஆளி விதைத்து, இதில் வாரித்தான் எங்களுக்குச் சட்டை செய்தாள். கடிக்கும். அழுதழுது போட்டிருக்கிறேன்."

மேல்வீட்டிலிருந்து ஒரு கட்டு ஆளிநாரை எடுத்துவந்தார். மேசையில் பலகையை இறுக்கி, நாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, முட்களில் மெல்ல அடித்து இழுத்தார். நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. குட்டை நாரும் தூசும் முள்ளோடு தங்கின, அதுதான் அந்தக் கிழவர் சொன்ன நார்க்கழிவு. கையில் நீளமான நார் ஒரு பெண்ணின் பொன்னிறத் தலைமயிர்போலத் தொங்கியது. ஆனால் முதல் பிடி அங்கங்கே சிவந்து வந்தது. என் ஆலாத்தி. இங்கர் அதை ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தார். நான் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் தங்கச்சியின் படம் பேப்பரில் வந்ததா?" என்று இங்கர் திடீரென்று கேட்டார்.

"வரவில்லை" என்றாள் வாசுகி.

இங்கர் கையை நிறுத்தினார். "அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது" என்றார். இல்லையில்லை என்று நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சொன்னோம். கிழவி கேட்கவில்லை. படத்தைத் தா என்றார். அவருடைய முன் ஜன்னலுக்கு நேரே பஸ் தரிப்பு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள், கேட்பார்கள், அவர் சொல்லுவார். "பேப்பர் மாதிரி இல்லைத்தான். ஆனாலும் சனம் பார்க்கும்."

வாசுகி அன்றே படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அபி கீழே மூன்று பெயர்களையும் எழுதினாள். இந்த முறை நான் பக்கத்திலேயே போகவில்லை. அடுத்த நாள் காலையில் இங்கர் படியில் நின்று, பஸ்ஸுக்கு நின்ற ஒருவருக்குக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். வாசுகியும் கண்டாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

நான் திரும்பப் புறப்படுவதற்கு முதல் நாள் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. எப்படி முடிந்தது என்பதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. தொலைக்காட்சியில் கொழும்பில் வெற்றியென்று வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். வாசுகி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். யார் எடுத்தாலும் மதியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பின்னேரம் அபி ஜன்னலடியில் நின்று டேனிஷில் தாயைக் கூப்பிட்டாள். பிறகு தமிழில், "அம்மா, வெளியில வாங்கோ" என்றாள். எல்லோரும் வெளியே போனோம்.

எதிர்வீட்டு ஜன்னலில் மதியின் படத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரிந்தது. முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் மே மாதத்து வெள்ளைப் பூக்கள். படத்தின் மேல் விளிம்பில் வெள்ளை லினன் துண்டொன்று மடித்துப் போட்டிருந்தது. சாவு வீட்டுக்கு நானே சோடித்திருந்தாலும் அதைவிடச் சரியாகச் செய்திருக்கமாட்டேன். வாசுகி சிவநேசனின் கையைப் பிடித்தாள். ஏதோ செய்தி கிழவிக்குத்தான் முதலில் வந்துவிட்டது என்று ஒரு கணம் நானும் நினைத்தேன்.

இங்கர் கதவைத் திறந்து வந்தார். அதே நல்ல உடுப்பு. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். வாசுகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரேடியோவில் சொன்னார்கள். உங்களுடைய சண்டை முடிந்துவிட்டதாம். இனி அவள் வெளியே வரலாம். நாங்களும் அப்படித்தான் வைத்தோம், அன்றைக்கு ரேடியோ சொன்னதும். மேலே போட்டிருப்பது அம்மா நெய்தது."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று கிழவி நினைத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் சோடனைக்காரன் என்பது அவருக்குத் தெரியும்.

"சரியா வைச்சிருக்கிறேனோ எண்டு உங்களைக் கேக்கிறா, மாமா" என்றாள் அபி, நிலத்தைப் பார்த்தபடி.

பிழையைக் கண்ட இடத்தில் குண்டூசியைக் கழற்றித் துணியை விலக்கிக் காட்டியவர் அவர். அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் படத்துக்கு முன்னால் நாங்கள் விளக்கு வைப்பதில்லை என்று ஒரு வரி. அபி மொழிபெயர்த்திருப்பாள். கிழவி ஊதி அணைத்திருப்பார், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். ஓம், சரி என்றேன். வாசுகி என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவருக்கு "தாக்" என்று நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், எங்கள் பக்கத்து ஜன்னல் சீலையை இழுத்து மூடினாள்.

அடுத்த நாள் காலையில் சிவநேசன் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். மயில் வாலை விரிக்காமலே என்னோடு திரும்பி வந்தது.

இலண்டனுக்கு வந்து வாரங்கள் ஆகிவிட்டன. மதியைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. நேற்று அபியோடு கதைத்தேன். படம் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறதாம். இங்கர் நாள்தோறும் பூ மாற்றுகிறாராம், பின்னேரத்தில் மெழுகுதிரியும் ஏற்றுகிறாராம், மதி வரும்வரை வைப்பேன் என்கிறாராம்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"அம்மா இப்ப அந்த பஸ் தரிப்பால போறேல்லை, மாமா. அடுத்த தரிப்புக்கு நடந்து போறா."